தூர்வாரிய மண்ணுக்கு 20 ஆண்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கப்பல் கால்வாயைத் தூர்வாருகிற இடங்களில், மண்ணைக் கொட்டுவதற்கென்றே நீண்டகாலத் திட்டம் தனியாகப் போடுகிறார்களாமே? ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் அள்ளுகிறோமோ அதை 20ஆல் பெருக்கினால் தீர்ந்ததே, இதற்கு ஒரு திட்டமா?

பதில்: பெருக்கினால் ஒரு எண் வரும்தான், ஆனால் அதை நம்பி நிலம் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் இந்தக் கால்வாய்களைப் பராமரிக்கிற ராணுவப் பொறியாளர் படை, குறைந்தது 20 ஆண்டுக்கு இடம் இருப்பதைக் காட்டும்படி திட்டம் கேட்கிறது. அந்தக் கணக்கு பெருக்கலோடு முடிவதில்லை. டிரெட்ஜர் (தூர்வாரும் கப்பல்) உறிஞ்சிக் குழாயில் தள்ளுவது பெரும்பாலும் தண்ணீர், மண் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால் அதிகம். மணல் என்றால் சட்டென்று படிந்துவிடும். களிமண் கலந்த சேறு அப்படியில்லை, கடலடியில் கிடந்தபோது பிடித்ததைவிடக் கூடுதலான இடத்தை, சுற்றிலும் கரை கட்டிய கொட்டுமிடத்துக்குள் வந்து பிடித்துக்கொள்ளும், பிறகு நன்றாகக் காயவைத்தால் பழைய அளவைவிடக் குறைவான இடத்திலேயே அடங்கியும் விடும். ஆக உங்கள் இடம் 20 ஆண்டு தாங்குமா, 10 ஆண்டில் நிரம்புமா என்பது, நீங்கள் அதைக் காயவைக்கிறீர்களா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

காயவைப்பது சும்மா வெயிலில் விட்டுவிடுகிற வேலை இல்லை. தண்ணீர் தெளிந்ததும், அதைத் தடுத்து நிற்கும் மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேல்நீரை வடிக்க வேண்டும், அவசரப்பட்டு இரண்டு மூன்றை ஒன்றாக உருவினால் சேறும் சேர்ந்து வெளியே போய்விடும். அப்புறம் பாலாடை மாதிரி ஒரு பொருக்கு கட்டும், வெடிக்கும். கீழே பார்த்தால் இன்னும் கூழாகவே இருக்கும். அந்த வெடிப்புகளில் மழைநீர் தேங்கினால் காய்ந்ததெல்லாம் திரும்ப ஊறிவிடும் என்பதால், கரையின் உட்புறத்தை ஒட்டி முதலில் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, பொருக்கு தடிக்கத் தடிக்க அதை ஆழப்படுத்திக்கொண்டே போவார்கள். ஒரே தடவையில் மலையாகக் கொட்டினால் இதெல்லாம் நடக்காது, மெல்லிய அடுக்காகத்தான் போட வேண்டும். அதனால் என்னைக் கேட்டால் ஒரு பெரிய இடத்தைவிட மூன்று நடுத்தர இடங்கள் மேல்: ஒன்று நிரம்பும், ஒன்று காயும், இன்னொன்றிலிருந்து காய்ந்த மண்ணை அள்ளலாம்.

கேள்வி: கடலிலேயே கொட்டிவிட்டால் என்ன?

பதில்: தாராளமாக, சோதித்துப் பார்த்து அனுமதி வாங்கினால். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972 லண்டன் உடன்படிக்கையும் அதன் 1996 நெறிமுறையும் தூர்வாரிய மண்ணைக் கடலில் இடுவதை முழுசாகத் தடுக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில்: பக்கத்தில் கொட்டினால் நீரோட்டம் அதைக் கால்வாய்க்கே திருப்பிக் கொண்டுவரலாம், தூரமாகப் போனால் எரிபொருள் செலவு. நல்ல மணலை ஆழ்கடலில் போடுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலைத்தானே கால்வாய் பிடித்து வைத்தது, அதைக் கடற்கரைக்குத் திருப்பித் தராவிட்டால் நீரோட்டம் போகிற பக்கத்துக் கரை அரிக்கும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பாப்லர் தீவு அரித்து அரித்து 1990களில் சுமார் 5 ஏக்கர் துண்டுகளாக மிஞ்சியது. பால்டிமோர் துறைமுகத்துக்கு வரும் கால்வாய்களின் மண்ணைக் கொட்டியே அந்தத் தீவைத் திரும்பக் கட்டுகிறார்கள். கொட்ட இடமும் ஆச்சு, பறவைகளுக்குச் சதுப்பு நிலமும் ஆச்சு.

கேள்வி: தொழிற்சாலைக் கழிவு கலந்த சேறு என்றால்?

பதில்: நல்ல மண்ணோடு கலக்கவே கூடாது, கலந்தால் மொத்தமும் கெட்ட மண் கணக்கில் போய்விடும். ராட்டர்டாம் துறைமுகத்தில் இதற்கென்றே 'ஸ்லுஃப்டர்' என்ற ஆழமான பள்ளத்தை 1980களில் தோண்டிவிட்டார்கள். இன்னொன்று, மேலே சொன்ன காயவைக்கும் வைத்தியம் இங்கே எதிராகத் திரும்பலாம். கந்தகச் சேர்மங்கள் நிறைந்த சேற்றில் காற்று பட்டால் அமிலம் உண்டாகி, அதுவரை ஒட்டிக் கிடந்த உலோகங்கள் வடிநீரில் இறங்கும். தண்ணீருக்கடியிலேயே வைத்திருப்பது நல்லது.

கேள்வி: நிரம்பினால் கரையை உயர்த்திக்கொண்டே போகலாமே?

பதில்: கொஞ்ச தூரம் போகலாம். ஆனால் கடலோர நிலம் பெரும்பாலும் மெத்து மண், பாரம் கூடினால் கரையே சரியும். தவிர, ஒவ்வொரு முறையும் புதுக் கரையை உள்ளே தள்ளித்தான் கட்டுவார்கள், உயர உயர உள்ளிருக்கும் பரப்பு சுருங்கும். காய்ந்த மண்ணைச் சாலைக்கோ மேடாக்கவோ கேட்கிறவர் இருந்தால் அள்ளிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு லாரி வரும் பாதையை முதல் வரைபடத்திலேயே விட்டுவைத்திருக்க வேண்டும்.