இருபது வருடம் நின்ற ஆல்ஃபா ரோமியோவில் சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன், வயது 52. 1973-ம் வருட ஆல்ஃபா ரோமியோ மான்ட்ரியல் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. இருபது வருடமாகக் கராஜில் ஓடாமல் நின்றது; எதையும் புதுப்பிக்கவில்லை. 22,000 முதல் 28,000 பவுண்டு வரை போகும் என்கிறார்கள். கையில் 40,000 இருக்கிறது. வாங்கி, சரிசெய்து விற்றால் லாபம் வருமா? பாரிஸில் தூசி படிந்த ஃபெராரி ஒன்று கோடிக்கணக்கில் போனதே!

பதில்: 2015-ல் 1.6 கோடி யூரோவைத் தாண்டிய அந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடரை முதலில் மறந்துவிடுங்கள். முன்-பின் சக்கர இடைவெளி குறைந்த அந்த ரகத்தில் அறுபது கார்கூடச் செய்யவில்லை. போதாததற்கு, நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த கார். மான்ட்ரியல் சுமார் 3,900 வெளிவந்தது.

'புதுப்பிக்காதது' என்று ஏலப் பட்டியலில் போட்டால் இரண்டு அர்த்தம் உண்டு. முதல் பெயின்ட், முதல் சீட், தொழிற்சாலையில் மாட்டிய அதே எஞ்சினோடு பத்திரமாக இருந்த கார் ஒன்று. அதற்குக் கூடுதல் விலை உண்டு. புது பெயின்ட் அடித்த அன்றே அந்தக் கூடுதல் போய்விடும். மற்றது, சும்மா கவனிக்காமல் விட்ட கார். உங்களுடையது இரண்டாவது ரகம் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். தரைத்தகடும் சக்கர வளைவும் துருப்பிடித்திருக்கும். 2.6 லிட்டர் வி8 எஞ்சினுக்குப் பெட்ரோலைச் செலுத்துவது ஸ்பிகா மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பம்ப்; பழைய பெட்ரோல் உள்ளே கிடந்து இறுகியிருந்தால், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவரைத் தேடுவதே பெரும்பாடு.

சுத்தியல் 24,000-ல் விழுகிறது என்று வையுங்கள். வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 3,600, அதன் மேல் வாட் 720. மொத்தம் 28,320. மிச்சம் 11,680-ல் வெல்டிங், பம்ப், பிரேக், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் அடங்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரிட்டனில் சொந்தக் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் நஷ்டத்தையும் கழிக்க முடியாது. இன்னொன்று: 'வாங்கி, சரிசெய்து விற்பேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வரித்துறை அதை வியாபாரம் என்று எடுத்துக்கொண்டால் லாபத்துக்கு வருமான வரி வரும்.

எனவே முதலீடாக இது வேண்டாம். ஓட்டிப் பார்க்கத்தான் ஆசை என்றால், ஏலத்துக்கு முன் காரைப் பார்க்க விடும் நாளில் ஆல்ஃபா தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய்க் காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் நிலையில் உள்ள மான்ட்ரியலின் விலையிலிருந்து அவர் சொல்லும் செலவையும் கமிஷனையும் கழியுங்கள். வருகிற தொகைக்கு மேல் கையைத் தூக்காதீர்கள்.