குதிரைக்குத் தெரியுமா?

கேள்வி: நான் 5 மாதக் கர்ப்பிணி. எங்கள் குதிரை தினமும் என் வயிற்றை முகர்ந்துவிட்டு அசையாமல் நிற்கிறது. அதற்குத் தெரிந்திருக்குமா?

பதில்: உங்கள் உடல் மாறியிருப்பது தெரிந்திருக்கலாம், அம்மா. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெருகுகிறது; உடல் வாசனையும் நடையும் மாறுகின்றன. குதிரையின் மூக்குக்குள் வாசனை அறிய ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒன்று இருக்கிறது. மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுகிறதே, அது சிரிப்பு அல்ல. வாசனையை அந்த உறுப்புக்கு அனுப்பும் வேலை. ஆண் குதிரை பெட்டையின் பருவத்தை இப்படித்தான் முகர்ந்து பார்க்கிறது. ஆனால் உள்ளே குழந்தை இருப்பதை அது புரிந்துகொள்வதாக நான் சொல்ல மாட்டேன். 30 வருடமாகக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். பரம சாதுவான குதிரை பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு உதைத்ததைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து பின்னங்கால் பக்கம் போகாதீர்கள், சவாரியும் வேண்டாம். தோளருகே நின்று தடவிக்கொடுங்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு.