கிளார்க்கும் விருதுகளும்

கேள்வி: இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், எழுதிக் குவித்ததற்கு ஏற்ற விருதுகளைப் பெற்றாரா?
- வாசகி, நல்லூர்

பதில்: பெற்றார். அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதுகளான, வாசகர்கள் வாக்களிக்கும் ஹியூகோ, எழுத்தாளர்களே தெரிவு செய்யும் நெபியூலா, இரண்டையும் ஒரே நாவலுக்கு வெல்வதே அபூர்வம்; அவரோ 'ராண்டேவூ வித் ராமா', 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்று இரு நாவல்களுக்கு வென்றார். இரண்டாவதை அவசியம் வாசியுங்கள் தங்கச்சி, சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் வருகின்றன, விண்வெளிக்கு ஏறும் லிஃப்ட் பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால் நம் தீவையே கதைக்காகத் தெற்கே நகர்த்திவிட்டார்! அப்புறம், 1983இல் '2010: ஒடிசி டூ' ஹியூகோ இறுதிப் பட்டியலுக்கு வந்தும் ஐசக் அசிமோவின் நாவலிடம் தோற்றது. இப்படித் தோற்ற பரிந்துரைகளையும் சாதனையாகவே நான் எண்ணுகிறேன்.