பதகளிப்பினால் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் தங்கைக்கு உளவியல் சிகிச்சை உதவுமா?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் உங்கள் தங்கை பதகளிப்பு, அதாவது அளவுமீறிய பதற்றமும் பயமும், தாங்காமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள் என்றும், சத்தியம் வாங்கியும் அது நிற்கவில்லை என்றும் எழுதி, மருந்தைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உளமருத்துவர் அல்லேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, பதினேழு வயதிலிருந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இதே பழக்கத்தோடு வாழ்ந்து வெளியே வந்தவள். ஆகையால் அந்தச் சத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மாவும் என்னைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, சந்நிதியில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். அன்பினால்தான் செய்தார். மூன்றாவது கிழமையே அது முறிந்தது. அதன் பின் பரீட்சைப் பயத்தோடு, சுவாமியையும் பெற்ற தாயையும் ஏமாற்றியவள் என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. அடுத்த முறைக்கு அந்தக் குற்றவுணர்வே காரணமாயிற்று.

இது ஏன் நிகழ்கிறது என்பதை எனக்கு விளங்கவைத்தவர் ஓர் உளவளத்துணையாளர். நெஞ்சு பதறி, எண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வேளையில், உடலை வருத்துவது சில நிமிடங்களுக்கு அந்தப் பதற்றத்தைத் தணித்துவிடுகிறது; தணிவு கிடைத்த வழியை மூளை பழகிக்கொள்கிறது; பின்னால் வரும் வெட்கமோ புதிய பதற்றமாகி மீண்டும் அதே வழிக்குத் தள்ளுகிறது. உறவினர் சிலர் இதைக் “கவனத்தை ஈர்க்கும் நடிப்பு” என்பார்கள். நான் சித்திரை வெயிலிலும் நீளக்கைச் சட்டையோடு திரிந்தவள். கவனம் வேண்டியவள் எதற்காக மறைக்கப்போகிறாள்?

பதகளிப்புக்கு முதலில் சொல்லப்படுவது சி.பி.ரி. எனப்படும் அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஏரன் பெக் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த இது, பயத்தின் பின்னால் இருக்கும் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவும், தவிர்த்துவந்த இடத்துக்குச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்லவும் பழக்குகிறது. எனக்கு அது பரீட்சைப் பயத்தில் உதவியது. உச்சக்கட்டத்தில் மட்டும் எண்ணத்தைச் சோதிக்கும் நிதானம் எனக்கு இருக்கவில்லை.

அந்த உச்சக்கட்டத்துக்கு உதவியது, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் உருவாக்கிய டி.பி.ரி. எனும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையின் பயிற்சிகள். தம்மைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்திக்கொண்ட பெண்களிடம் இச்சிகிச்சையைப் பரிசோதித்த முடிவுகளை அவர் 1991இல் வெளியிட்டார். தாமும் இளமையில் அவ்வாறு செய்தவர் என்பதை 2011இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். தனிச் சந்திப்பு, குழுவாகத் திறன்களைக் கற்றல், இடையில் தொலைபேசி உதவி என்பன சேர்ந்ததே அதன் முழு வடிவம். எனக்குக் கிடைத்தது அதன் ஒரு பகுதிதான்.

முதற்பயிற்சி மிக எளியது: மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம்வரை வைத்திருத்தல். சுழியோடிகள் நீருக்குள் இறங்கும்போது இதயத் துடிப்பு மந்தமாகும் அதே அனிச்சைச் செயலை இது தூண்டுகிறது. (நம்மூரில் நண்பகற் குழாய்நீர் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போட்டியாக வரும், ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது.) அது எதையும் தீர்க்காது, பத்து நிமிட அவகாசம் தரும், உச்சம் தானாக இறங்குவதற்கு எனக்குப் பெரும்பாலும் அது போதுமாயிருந்தது.

மற்றது, நடந்ததைச் சங்கிலிபோலக் கண்ணி கண்ணியாக எழுதிப் பார்ப்பது. ஒரு நாளை அவ்வாறு எழுதினேன்: முந்தின இரவு நான்கு மணித்தியாலத் தூக்கம், காலையில் வெறும் தேநீர், ரியூசனில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்ட புள்ளிகள், வீட்டில் அப்பா சொன்ன ஒரு வார்த்தை, மூடிய அறைக்கதவு. நான் அப்பாவின் வார்த்தையையே காரணம் என்று நம்பியிருந்தேன். துணையாளரோ தூக்கத்தையும் சாப்பாட்டையும் சுட்டிக்காட்டி, முதலில் அந்தக் கண்ணிகளை அறுப்போம் என்றார். எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

மருந்தைப் பற்றி: பதகளிப்புக்கோ மனச்சோர்வுக்கோ வைத்தியர் தருவதைத் தங்கை தானாக நிறுத்தக் கூடாது, அவை பலன் தரச் சில கிழமைகள் ஆகும். சுயகாயத்தை மட்டும் நிறுத்துவதற்கென்று மருந்து கொடுக்கவேண்டாம் என்றே இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி நூல் சொல்கிறது. வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

காயப்படுத்துவோர் எல்லோரும் சாக விரும்புபவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சி 1998இலேயே இலங்கையில் குற்றமல்லாததாக்கப்பட்டது. பொலிசுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். அழைக்கவேண்டிய இலக்கங்கள்: அம்புலன்சுக்கு 1990, தேசிய மனநல உதவித் தொலைபேசிக்கு 1926.

சிகிச்சை தொடங்கிய பின்னும் நான் இரண்டு முறை தவறினேன். இரண்டாம் முறை அழுதுகொண்டே போய்ச் சொன்னபோது, துணையாளர் என்னிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை, வெற்றுத்தாள் ஒன்றைத் தள்ளிவைத்து, “முந்தின நாள் எத்தனை மணிக்குப் படுத்தனீர்?” என்று கேட்டார்.