பலாவா, ஸ்ப்ரூஸா?

அன்புள்ள ஐயா,

கிட்டார் செய்யப் பழகுகிறேன். முதல் கருவி, நைலான் கம்பி. மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம் வாங்குவதா, சீடர் மரம் வாங்குவதா என்று ஒரு மாதமாகக் குழப்பம். வீணையைப் பலாவில்தானே செய்கிறோம், கிட்டாருக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பலாவிலிருந்தே தொடங்குகிறேன். வீணையின் மேல்பலகையும் பலாதான். ஆனால் அங்கே உலோகக் கம்பி. ஒரே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களை இழுத்து வாங்கும்வரை நாதம் நிற்க வேண்டும். கனத்த மரம் அதிர்வை மெல்லத்தான் விடும். நைலான் கம்பி தருகிற சக்தியோ கொஞ்சம். அதை வைத்துக் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் பலகை லேசாக இருக்க வேண்டும். ஆறு கம்பியும் சேர்ந்து நாற்பது கிலோ அளவுக்கு இழுப்பதால் விறைப்பாகவும் இருக்க வேண்டும். பலா ஸ்ப்ரூஸைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். முதுகுக்கும் பக்கங்களுக்கும் தாராளமாகப் போடுங்கள். ஸ்பெயினில் டோரஸ் என்ற கிட்டார் கைவினைஞர் 1862இல் அந்த இரண்டையும் காகித அட்டையிலேயே செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, ஸ்ப்ரூஸா சீடரா? சீடர் என்றதும் தேவதாரு என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டார்காரர்கள் சொல்வது வட அமெரிக்க மேற்குக் கரையின் மரம், சைப்ரஸ் குடும்பம். 1960களில் மாட்ரிட்டின் ராமிரெஸ் பட்டறை அதை எடுத்தபிறகுதான் நைலான் கிட்டாரில் பரவியது. கம்பி மாட்டிய அன்றே பேசும். ஸ்ப்ரூஸின் நாதம் வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்பார்கள். ஆனால் சீடரில் நகம் பட்டாலே பள்ளம். என் முதல் பலகையில் சட்டைப் பொத்தானின் தடம் இன்னும் இருக்கிறது.

இரண்டில் எதுவானாலும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், துண்டைப் பாருங்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல இருக்காது. முனையைத் திருப்பிப் பார்த்தால் வளையக் கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் குறுக்குவாட்டு விறைப்பு போய்விடும். சரியாக அறுத்த ஸ்ப்ரூஸை வெளிச்சத்தில் சாய்த்தால் ரேகைக்குக் குறுக்கே பட்டு மாதிரி ஒரு மினுக்கம் ஓடும். அப்புறம், நுனியிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரலால் தொங்கவிட்டு நடுவில் தட்டுங்கள். மணிபோல நீண்டால் எடுத்துவையுங்கள். அட்டைப்பெட்டிபோல 'தொப்' என்றால் திருப்பிக் கொடுங்கள். ரேகை எத்தனை நெருக்கம் என்று அளவுகோல் வைத்து எண்ணுகிறவர்கள் உண்டு. நான் அதை விட்டுப் பல வருடமாகிறது.

மரத்தைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள். ஒரு ஐப்பசி மழையில், ஈரப்பதம் பார்க்காமல், அவசரமாக ஒரு கிட்டாருக்கு உள்விட்டங்களை, அதாவது மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் குச்சிகளை, ஒட்டினேன். கோடையில் நண்பர் அந்தக் கிட்டாரைத் தில்லிக்குக் கொண்டுபோனார். பலகை சுருங்க இடமில்லாமல், கம்பிகளைக் கட்டும் பாலத்துக்குக் கீழே மயிரிழையாய் ஒரு விரிசல். ஈரமானி ஒன்று வாங்கி, காற்றின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கிற நாளில் மட்டும் ஒட்டுங்கள்.

முதல் கருவிக்கு நான் ஸ்ப்ரூஸ்தான் சொல்வேன். உங்கள் உளி இரண்டு மூன்று முறை வழுக்கும், அது தாங்கும். விலை குறைந்த ரகத்தில் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்றை இழைத்து மெலிதாக்கி, இழைக்க இழைக்கத் தட்டும் ஓசை எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போய், உடைத்துவிடுங்கள்.