பதில்: அம்மாவின் இமைக்கு போடாக்ஸ் ஊசி
அம்மாவின் இமைகள் தானாக இறுகி மூடிக்கொள்கின்றன, டாக்டர் போடாக்ஸ் போடச் சொல்கிறார், அது விஷமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விஷம்தான். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் புரதம். ஆனால் இமையில் போடுவது மிக மிகச் சிறிய அளவு. நரம்பு நுனியில் இருக்கும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை அது வெட்டிவிடும்; தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வராது, தசை தளரும். அமெரிக்காவில் 1989லேயே இந்தக் கோளாறுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. முகச்சுருக்கத்துக்குப் போடுவதெல்லாம் அப்புறம் வந்தது.

போட்ட அன்றே பலன் தெரியாது, சில நாள் ஆகும். சுமார் மூன்று மாதத்தில் நரம்பு மீண்டுவிடும், திரும்பவும் போட வேண்டிவரும். சிலருக்கு இமை தொங்கும், கண் உலரும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை பலவீன நோய் இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.