தினம் ஒரு தையல் நின்னு போச்சா? கிட் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: உசிலம்பட்டில இருந்து தினமும் மதுரைக்கு வேலைக்கு பஸ்ல வர்றேன். பேப்பர்ல படிச்சது, வழியில பார்த்தது ஏதாவது ஒன்னை ராத்திரி துணியில தைக்கிறேன். ஒரு மாசம் ஒழுங்கா போச்சு, இப்ப என் சோம்பேறித்தனத்தால ஒன்பது நாள் விட்டுப்போச்சு, தைச்சதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். அதைத் தைச்சு முடிச்சுட்டுத்தான் தொடரணுமா? கிளாஸ் நடத்துற ஒருத்தர் 5,500 ரூபா எம்பிராய்டரி கிட் வாங்குனா சர்டிபிகேட் தந்து ஆர்டரும் பிடிச்சுத் தர்றேங்குறார், வாங்கலாமா?

பதில்: விட்டுப்போன நாளைத் தைக்க வேணாம்மா. துணியில அந்த நாளுக்கான கட்டத்தை அப்படியே காலியா விட்டுட்டு இன்னைக்குத் தேதியில ஆரம்பிங்க, ஒன்பது நாள் பாக்கியைக் கந்துவட்டி மாதிரி தலையில தூக்கி வச்சுக்கிட்டா பத்தாவது நாளும் போயிரும். இதுக்கு ஒரே ஒரு விலக்கு, பயண நாள். பஸ் ஆட்டத்துல ஊசி பிடிக்க முடியாது, அதனால பார்த்ததை அன்னைக்கே டிக்கெட் பின்னாடி நாலு கோடு கிறுக்கி வச்சிருந்தா, அதைப் பிறகு எப்ப தைச்சாலும் அந்தத் தேதியிலயே சேர்த்துக்கலாம். ஆனா அன்னைக்கே கிறுக்கியிருக்கணும். போன்ல போட்டோ இருக்கேன்னு ஒரு வாரம் கழிச்சு கேலரியத் தோண்டி எடுக்குறது சேராது, வீட்டுக்கு வந்து யோசிச்சு எழுதுனதும் சேராது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்குறதுக்குள்ள கிறுக்கியாச்சா, அவ்வளவுதான்.

நின்னு போனதுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு எழுதியிருக்கீங்க, அது இல்ல. நீங்க அனுப்பின போட்டோவுல உள்ளங்கை அளவுக்கு கோபுரத்தையே சாட்டின் ஸ்டிட்ச்ல, அதாவது இடைவெளி தெரியாம நெருக்கி நெருக்கித் தைக்கிற தையல்ல, நிரப்பப் பார்த்திருக்கீங்க, வேலைக்குப் போய்ட்டு வந்து யாரால முடியும்? பத்து ரூபா காசு அளவுக்கு மேல போகாதீங்க. 60 செ.மீ. சதுரத் துணியில 3 செ.மீ. கட்டம் போட்டா 20க்கு 20, மொத்தம் 400 கட்டம், ஒரு வருஷம் போக மிச்சமே இருக்கும். கோடா மட்டும் தைங்க. வைகை அணை மட்டம் பேப்பர்ல வருதுல்ல, முழு உயரம் 71 அடி, 66 அடி தொட்டா முதல் வெள்ள எச்சரிக்கை, அன்னைக்கு நீல நூல்ல ஒரு அலை, மேல சிவப்புல ஒரு புள்ளி போதும். மல்லி விலை ஏறுனா ரெண்டு பிரெஞ்ச் நாட் (ஊசியில நூலைச் சுத்திப் போடுற குட்டி முடிச்சு) மொட்டு. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆத்துல இறங்குனா பச்சையில ஒரே கோடு, மதுரைக்காரங்களுக்கு அதுவே புரியும்.

இப்ப அந்தக் கிட் கதைக்கு வருவோம். நூறு கலர் நூல்னு ஆசை காட்டுவாங்க. ஆங்கர் கம்பெனி எம்பிராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர், அதுக்குள்ள ஆறு இழை, நீங்க ரெண்டு இழைதான் எடுப்பீங்க, அப்ப 24 மீட்டர் ஆச்சு. சின்னப் படத்துக்கு ஒரு மீட்டர் தாராளம். வருஷத்துக்கு பதினாறு கண்டு பத்தும், விளக்குத்தூண் பக்கமோ, புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுன கடைகள்லயோ கேட்டுப் பாருங்க. பேர் தெரியாத செட்டுல சிவப்பும் கறுப்பும் சாயம் விடும், நனைச்ச வெள்ளைத் துணியில அழுத்திப் பார்த்தாலே தெரிஞ்சிரும். துணிக்கு காடாத்துணி போதும், ஆனா ராத்திரியே ஊறவச்சு கஞ்சி போக அலசிக் காயவச்சுத் தைங்க, இல்லாட்டி பின்னாடி துவைக்கும்போது சுருங்கித் தையல் எல்லாம் கொசகொசன்னு ஆயிரும். தண்ணியில போற நீல பேனால வரைஞ்சா அலசாம அயர்ன் போட்டுறாதீங்க, கறை நின்னுரும்.

ஆர்டர் பிடிச்சுத் தர்றேன்னு முதல்ல பணம் கேக்குறவங்க யாரா இருந்தாலும் வேணாம். டெபாசிட் கட்டச் சொல்லி, தைச்சுக் கொடுத்தா பினிஷிங் சரியில்லைன்னு திருப்பி அனுப்பி, டெபாசிட்டையும் அமுக்குறது ரொம்பப் பழைய வேலை. அந்த சர்டிபிகேட்டை வச்சு ஒரு கடையிலயும் விலை கூட்டித் தரமாட்டாங்க. மத்திய அரசோட ஜவுளி அமைச்சகம் தர்ற கைவினைஞர் அடையாள அட்டைக்கும் ஏஜென்ட் மூலமா பணம் கட்டாதீங்க. ஃபாரத்தை சாதாரண ஆளுக்குப் புரியுற மாதிரி வச்சா புரோக்கருக்கு வேலையே இருக்காது, அது மட்டும் யாருக்கும் தோணாது, ஓடிபி ஓடிபின்னு நம்மளை அலையவிடுவாங்க.

கிட்டுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தா வாட்ஸ்அப்ல எழுத்தாத் திருப்பிக் கேளுங்க, போன்ல பேசி முடிச்சுக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க.